தலைவலிக்குக் கைரோபிராக்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தையும் முதுகையும் கையால் பார்த்துச் சரிசெய்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் முதுகுவலிக்காரர்கள் முதல் கூட்டம் என்றால், தலைவலிக்காரர்கள் அடுத்த கூட்டம். அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இதே தொழிலில் இருப்பவன் என்பதால் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். "இதற்கு என்னிடம் வராதீர்கள்" என்று சில இடங்களில் எழுதியிருக்கிறேன்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

மூட்டுகளை, முக்கியமாக முதுகெலும்பு மூட்டுகளை, கையால் அசைத்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சை. மருந்து கிடையாது, அறுவை கிடையாது. கை, செய்கை என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். காது மந்தமாக இருந்த ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்பது பால்மர் சொன்ன கதை. காது நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்பதால் அந்தக் கதை அன்றிலிருந்தே கேலிக்கு ஆளாகி வருகிறது. முதுகெலும்பு இடம் பிசகுவதுதான் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் காரணம் என்று பால்மர் நம்பினார். இன்று இந்தத் தொழிலில் இருக்கும் பலர் அதை ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. இன்னும் அப்படியே நம்புகிறவர்களும் உண்டு. நீங்கள் போகிற இடத்தில் இருப்பவர் எந்த ரகம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாத் தலைவலிக்கும் இது கேட்குமா?

கேட்காது. தலைவலி என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. சர்வதேசத் தலைவலிக் கழகம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டை எடுத்துப் பார்த்தால், வகைகளும் உள்வகைகளுமாகப் பக்கம் பக்கமாகப் போகும். அதில் என் கைக்கு வேலை உள்ளவை மிகச் சிலவே.

நன்றாகக் கேட்பது, கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போன்ற வலிக்கு, அதாவது இறுக்கத் தலைவலிக்கு, அரைகுறையாகக் கேட்கும். அங்கேயும் எலும்பை அசைப்பது உதவுகிறதா, தசையைப் பிடித்துவிடுவது உதவுகிறதா என்று சந்தேகம் இருக்கிறது. 1998இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 75 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் தசையைப் பிடித்துவிட்டார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே கழுத்து மூட்டையும் அசைத்தார்கள். மற்ற குழுவுக்கு ஒப்புக்கு ஒரு லேசர் விளக்கைக் காட்டினார்கள். இரண்டு குழுவிலும் வலி ஒரே அளவுதான் குறைந்தது.

கண்ணைச் சுற்றிக் குத்திக் குடைந்து, அந்தப் பக்கக் கண்ணில் நீராக வடியவைக்கும் கொத்துத் தலைவலிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு நரம்பியல் மருத்துவர்தான்.

கழுத்தில் கோளாறு என்றால் தலை ஏன் வலிக்க வேண்டும்?

கழுத்தில் மேலே உள்ள மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பும், தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல் வைத்தது போல. மணி அடிக்கிறது, எந்த வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியவில்லை. பிடரியில் இரண்டாவது எலும்புக்கும் மூன்றாவது எலும்புக்கும் நடுவே உள்ள மூட்டு புண்பட்டிருக்கும். வலி தெரிவது கண்ணுக்குப் பின்னால். ஆள் கண் டாக்டரைப் பார்த்துக் கண்ணாடியை மாற்றியிருப்பார், சைனஸ் என்று ஆவி பிடித்திருப்பார். கழுத்தைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அதைத் தாங்கித் திருப்புகிற வேலையில் பெரும்பங்கு மேலே உள்ள இரண்டு எலும்புகளுடையது. கழுத்து இடமும் வலமும் திரும்புவதில் சுமார் பாதி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. பிடிப்பும் அங்கேதான் அதிகம் வருகிறது.

எனக்கு வருவது கழுத்துத் தலைவலிதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே தமிழ்ப் பெயர் ஒன்று குழப்பம் செய்கிறது. மைக்ரேனை ஒற்றைத் தலைவலி என்கிறோம். அதனால் ஒரு பக்கம் வலித்தாலே அது மைக்ரேன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழுத்துத் தலைவலியும் ஒரு பக்கமாகத்தான் வரும். மைக்ரேனோ சிலருக்கு இரண்டு பக்கமும் வரும்.

நான் கவனிக்கும் வித்தியாசங்களைச் சொல்கிறேன். மைக்ரேன் விண் விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, இருட்டறையில் படுத்தால்தான் ஆறுதல். சிலருக்கு முன்னதாகக் கண்ணில் பூச்சி பறக்கும், நெளிநெளியாக ஒளி தெரியும். இந்த முறை இடது, அடுத்த முறை வலது என்று பக்கம் மாறவும் செய்யும். கழுத்துத் தலைவலி பக்கம் மாறாது. பிடரியில் தொடங்கி முன்னால் ஏறும். கழுத்தை ஒரு குறிப்பிட்ட விதத்தில் திருப்பினால் கிளம்பும். "கார் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்க முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு சோதனை உண்டு. உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை இரண்டு கையிலும் ஏந்தி, முகவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குக் கழுத்தை மடக்குவேன். இப்படி மடக்கினால் கீழே உள்ள மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், மேலே உள்ள இரண்டு எலும்புகள்தான் திரும்பும். அந்த நிலையிலேயே தலையை மெதுவாக ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் திருப்புவேன். சாதாரணக் கழுத்து இரண்டு பக்கமும் 40 டிகிரிக்கு மேல் போகும். பாதிக்கப்பட்ட பக்கம் 25, 30 டிகிரியிலேயே கதவு இடித்தது போல நின்றுவிடும். பல பேர் அந்த இடத்தில் "ஆ, இதேதான், கண்ணுக்குப் பின்னால் வருகிறது" என்பார்கள். இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பிவிட்டால் நான் யோசிக்கத் தொடங்குவேன், இவருக்குக் கழுத்தில் வேலை இல்லையோ என்று.

முதல் நாளே கழுத்தை முறித்துவிடுவீர்களா?

முதல் நாளில் பெரும்பகுதி பேச்சுத்தான். எப்போது தொடங்கியது, அடிபட்டதா, என்ன மாத்திரை, மாதத்தில் எத்தனை நாள், வீட்டில் யாருக்காவது மைக்ரேன் உண்டா என்று கேட்பேன். இரத்த அழுத்தம் பார்ப்பேன். கை கால் பலம், உணர்ச்சி, கண் அசைவு, நடை எல்லாம் பார்ப்பேன். இது எதுவும் இல்லாமல், நுழைந்த இரண்டாவது நிமிடத்தில் தலையைப் பிடித்துத் திருப்புகிறவரிடம் மாட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை என்றாலும் வெடுக்கென்று திருப்புவது மட்டும் இல்லை. மூட்டை மெதுவாக, தாளமாக அசைத்துக் கொடுப்பது உண்டு. பிடரிக்குக் கீழே உள்ள சின்னத் தசைகளை விரல் நுனியால் நிதானமாக அழுத்திப் பிடிப்பது உண்டு. கழுத்தைத் திருப்புவது என்றாலே பயப்படுகிறவர்களுக்கு இதை மட்டும் செய்து அனுப்பியிருக்கிறேன், குறைந்திருக்கிறது.

அந்த 'சடக்' சத்தம் எலும்பு இடத்துக்கு வருவதா?

இல்லை. எலும்பு எங்கும் போகவில்லை, அதனால் திரும்பி வரவும் இல்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது வரும் சத்தமும் இதுவும் ஒன்றுதான். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில், இரண்டு பரப்புகளும் சட்டென்று விலகும்போது வாயுக் குமிழி போன்ற ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல்களை எம்ஆர்ஐக்குள் வைத்து இழுத்துப் படம் பிடித்து, 2015இல் வெளியிட்டார்கள். குமிழி உடைவதால்தான் சத்தம் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். குமிழி உண்டாகிற கணத்தில்தான் சத்தம் வருகிறது என்று படம் காட்டியது. முறித்த விரலையே உடனே இன்னொரு முறை முறித்தால் சத்தம் வராமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுமார் 20 நிமிடம் போக வேண்டும்.

சத்தம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்றும் இல்லை. ஆனால் வந்தால் ஆட்களுக்கு ஒரு திருப்தி. அதை நான் மறுக்கப் போவதில்லை.

வலிக்குமா?

செய்யும்போது பெரும்பாலும் வலிக்காது. மறுநாள் கழுத்து கொஞ்சம் வலிக்கலாம், அசதியாக இருக்கலாம், தலைவலியே சற்றுக் கூடலாம். ஏறக்குறைய பாதிப்பேருக்கு இப்படி ஏதாவது இருக்கும், ஓரிரு நாளில் போய்விடும். அதற்கு மேல் நீடித்தால் சொல்லுங்கள்.

மைக்ரேனுக்கு இது உதவும் என்று பலர் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். நார்வேயில் 104 மைக்ரேன்காரர்களை வைத்து ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சை. இன்னொரு குழுவுக்குப் பாசாங்குச் சிகிச்சை, அதாவது முதுகெலும்பில் படாமல் தோள்பக்கம் அழுத்தியது. மூன்றாவது குழு வழக்கமான மருந்தோடு இருந்தது. உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி நாட்கள் குறைந்தன. பாசாங்கு பெற்றவர்களுக்கும் அதே அளவு குறைந்தன. அதாவது கை வைத்தது உதவியது, எங்கே வைத்தோம் என்பது உதவவில்லை.

மைக்ரேனோடு கழுத்துப் பிடிப்பும் சேர்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். பிடிப்பைக் குறைத்தால் அவர்களுக்கு நாள் கொஞ்சம் சுலபமாகப் போகும். அந்த அளவுக்கு நான் செய்வேன். மைக்ரேனை நிறுத்தித் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை முறை வர வேண்டும்?

கழுத்துத் தலைவலி உள்ள 256 பேரிடம் ஆறு வாரத்தில் 0, 6, 12, 18 முறை என்று அளவை மாற்றிச் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. 18 முறை போனவர்களுக்கு மாதத்தில் 16 நாளாக இருந்த தலைவலி சுமார் 8 நாளாகக் குறைந்தது. பாதியாகக் குறைந்தது என்பதையும் பாருங்கள், மீதிப் பாதி இருந்தது என்பதையும் பாருங்கள்.

என் வழக்கம் வேறு. ஐந்து, ஆறு முறைக்குள் ஒரு துளி மாற்றம்கூட இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேடச் சொல்வேன். மாற்றம் தெரிந்தால் இடைவெளி விட்டுத் தொடர்வோம். ஒரு வருடத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால், அது தலைவலிக்கான திட்டமா வருமானத்துக்கான திட்டமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தைத் திருப்பினால் பக்கவாதம் வரும் என்கிறார்களே, உண்மையா?

தட்டிக் கழிக்கக் கூடாத கேள்வி இது. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. முதல் எலும்பைத் தாண்டும்போது வளைந்து போகின்றன. அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறையும், உறைந்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்குப் பின் இப்படி நடந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. மிக அரிது, ஆனால் நடந்தால் சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், தமனி தானாகக் கிழிந்தாலும் முதலில் தெரிவது கழுத்துவலியும் தலைவலியும்தான். அந்த வலியோடுதான் ஆட்கள் எங்களிடம் வருகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒன்பது வருடப் பதிவுகளை அலசி 2008இல் வெளியான ஆய்வில், இந்த வகைப் பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போயிருப்பது போலவே குடும்ப மருத்துவரிடம் போயிருப்பதும் தெரிந்தது. குடும்ப மருத்துவர் யாரும் கழுத்தைத் திருப்புவதில்லை. இதைக் காட்டி "பார்த்தீர்களா, எங்கள் மேல் தப்பே இல்லை" என்று சொல்லும் சகாக்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நிம்மதி இல்லை. ஏற்கெனவே கிழிந்த தமனியோடு வருகிறவரை அடையாளம் காணாமல் திருப்பினால் நிலைமை மோசமாகலாம், அந்தப் பொறுப்பு திருப்பியவருடையதுதான். அமெரிக்க இதயக் கழகம் 2014இல் சொன்னதும் இதையொட்டித்தான்: இப்படி ஒரு தொடர்பு பேசப்படுகிறது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல வேண்டும். உங்களிடம் யாரும் சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஏதாவது வந்தால் என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

யாருக்குக் கழுத்தை வேகமாகத் திருப்பக் கூடாது?

எலும்பின் அடர்த்தி குறைந்து எலும்பு மெலிந்தவர்கள், முடக்குவாதக்காரர்கள் (மேல் எலும்புகளைக் கட்டியிருக்கும் நார் தளர்ந்திருக்கலாம்), டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், அண்மையில் விபத்தில் அடிபட்டவர்கள், புற்றுநோய் எலும்பில் பரவியவர்கள், மூட்டெல்லாம் அளவுக்கு மீறி வளைகிறவர்கள். குழந்தைகளுக்கும் நான் செய்வதில்லை.

எந்தத் தலைவலி வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

இடி விழுந்தது போலச் சட்டென்று உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போவது. ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, பேச்சு மாறுவது, வலிப்பு. தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி. கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ புதிதாக வரும் கடும் வலி. 50 வயதுக்கு மேல் முதல் முறையாகத் தொடங்கும் தலைவலியையும் விடக் கூடாது. அதிலும் தலை சீவும்போது நெற்றிப்பொட்டுப் பக்கம் (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே) வலிக்கிறது, மென்றால் தாடை வலிக்கிறது என்றால் அன்றைக்கே போங்கள். அங்கே ஓடும் இரத்தக்குழாய் புண்படும் பொட்டுத் தமனி அழற்சியாக இருக்கலாம், தாமதித்தால் பார்வை போய்விடும்.

"இதுவரை வந்ததிலேயே இப்படி வந்ததில்லை" என்று உங்களுக்கே தோன்றினால், அந்தத் தோன்றலையும் நம்புங்கள்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை வேறு கதை. ஒரு பெண்மணி கைப்பையைத் திறந்து என் மேசையில் கொட்டினார். பாதி காலியான அட்டைகள் ஏழோ எட்டோ, மூன்று வகை மாத்திரை. தினமும் காலையில் எழும்போதே தலை வலிக்கும், ஒன்று போட்டால்தான் அடுப்பங்கரைக்குப் போக முடியும். கழுத்தைச் சோதித்தேன், இரண்டு பக்கமும் அருமையாகத் திரும்பியது. அவருக்கு மாத்திரையே தலைவலியாகிவிட்டிருந்தது.

பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்று உள்ள டிரிப்டான் வகையோ பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையோ 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் இந்தச் சுழல் வரலாம். நிறுத்தும் முதல் நாட்களில் வலி இன்னும் ஏறும், அதனால் மருத்துவரின் துணையோடுதான் வெளியே வர வேண்டும். அந்தப் பெண்மணியை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவருக்கு நான் செய்த சிகிச்சை அவ்வளவுதான்.

இயற்கை முறை என்பதால் பக்கவிளைவு இல்லை, அப்படித்தானே?

மருந்து இல்லை என்ற அளவில் இயற்கை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் இன்னொருவரின் கழுத்தைப் பிடித்து வேகமாகத் திருப்புவதில் இயற்கை எங்கே இருக்கிறது என்று எனக்கே புரிந்ததில்லை. பக்கவிளைவுகளை மேலே எழுதிவிட்டேன்.

எக்ஸ்ரே, ஸ்கேன் வேண்டுமா?

அடிபட்டிருந்தாலோ மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தாலோ வேண்டும். மற்றபடி வழக்கமாக வேண்டாம். "உங்கள் கழுத்தின் வளைவு நேராகிவிட்டது" என்று படத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். வலியே இல்லாத ஆட்களிலும் பலருக்கு அப்படி நேராகத்தான் இருக்கும்.

பிசியோதெரபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கழுத்துத் தலைவலியைப் பொறுத்தவரை நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பிசியோதெரபிஸ்டுகளிலும் மூட்டை அசைக்கப் பயின்றவர்கள் உண்டு, உடற்பயிற்சியில் அவர்கள் பெரும்பாலும் எங்களைவிடக் கெட்டி. எந்தப் பெயர்ப்பலகை என்பதைவிட முறையான படிப்பும் பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் கைரோபிராக்டிக் சட்டப்படி பதிவு செய்யும் தொழில், பிரிட்டனில் அதற்கென்று 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். சில நாடுகளில் வாரக் கடைசி வகுப்பு முடித்தவர்கூட அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

வீடியோவைப் பார்த்து நானே கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். நீங்களே சொடுக்கும்போது சத்தம் வருவது ஏற்கெனவே தளர்வாக இருக்கும் மூட்டிலிருந்து. பிடித்துக்கொண்ட மூட்டு அப்படியே இருக்கும், அதனால்தான் பத்து நிமிடத்தில் மறுபடி சொடுக்கத் தோன்றுகிறது.

பின்னே வீட்டில் என்னதான் செய்வது?

பயிற்சி. 2002இல் ஆஸ்திரேலியாவில் 200 கழுத்துத் தலைவலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், கையால் மூட்டை அசைத்ததும் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது. அதில் முக்கியமான பயிற்சி பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

மல்லாக்கப் படுங்கள். மெல்லிய துண்டை மடித்துக் கழுத்துக்குக் கீழே வையுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று தலையாட்டுவது போல முகவாயை மட்டும் மெதுவாக உள்ளே இறக்குங்கள். பிடரி துண்டை லேசாக அழுத்துவது தெரியும். தொண்டையின் இரு பக்கமும் விரல் வைத்துப் பாருங்கள், அங்கே கயிறு போலத் தசை புடைத்தால் அதிகமாக முயல்கிறீர்கள் என்று பொருள், குறையுங்கள். பத்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை. காலையும் மாலையும். முதல் வாரத்தில் பல பேருக்கு ஐந்தாவது முறையிலேயே கழுத்து நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் அந்தத் தசைகள் எவ்வளவு காலமாகச் சும்மா இருந்தன என்று நான் கணக்குப் போடுவேன்.

தலையணை எது வாங்கலாம்?

வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். விலைக்கும் தலைவலிக்கும் தொடர்பு இருப்பதாக நான் பார்த்ததில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது மூக்கு நெஞ்சுக்கு நேராக இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஏறியிருந்தால் தலையணை உயரம் அதிகம், கீழே சாய்ந்திருந்தால் குறைவு. குப்புறப் படுக்கிறவர்களுக்கு என்னிடம் தலையணை யோசனை எதுவும் இல்லை.